எதைத் தின்னும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்

கடல்நீர்த் தொட்டி: வாசகர் கேள்வி – பதில்

(பதில் தருபவர் வண்ணாரப்பேட்டைப் பள்ளியொன்றில் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை. தண்டையார்பேட்டை வீட்டில் பல ஆண்டுகளாகக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறார். இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நட்சத்திர மீன்களைப் பற்றியவை.)

டீச்சர், வீட்டில் நான்கடித் தொட்டி இருக்கிறது. கடல்நீர் நிரப்பி ஒன்பது மாதம் ஆகிறது. இரண்டு க்ளவுன் மீன்கள், ஒரு கோபி மீன், கொஞ்சம் சோவாந்திட் (கூட்டமாக வளரும் பவள உறவினம்), காளான் பவளம் வைத்திருக்கிறேன். கொளத்தூர்க் கடை ஒன்றில் நீல நட்சத்திரம், சாக்லேட் சிப், மணல் சலிக்கும் நட்சத்திரம், சிவப்பு ஃப்ரோமியா என நான்கு வகை பார்த்தேன். “எல்லாமே தாங்கும், எதுவும் பவளத்தைத் தொடாது” என்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்?
– பெரம்பூர் வாசகர்

நான்கில் மூன்றை இன்றைக்கே மறந்துவிடுங்கள். நான்காவதற்கு இன்னும் சில மாதம் பொறுங்கள். நீங்கள் கேட்காத ஐந்தாவது ஒன்றுதான் உங்கள் தொட்டிக்கு ஏற்றது. காரணத்தையும் சொல்கிறேன்.

“தாங்குமா?” என்று கேட்டால் எந்தக் கடையிலும் “தாங்கும்” என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: “இது எதைத் தின்னும்? அது என் தொட்டியில் இருக்கிறதா? இல்லையென்றால் நான் கையால் கொடுக்க முடியுமா?” வீட்டுத் தொட்டியில் சாகும் நட்சத்திர மீன்களில் மிகப் பல, நோயால் சாவதில்லை, பசியால் சாகின்றன. மீன் பட்டினி கிடந்தால் வயிறு ஒட்டுவது கண்ணுக்குத் தெரியும். நட்சத்திரத்துக்கு வெளித்தோலின் கீழே சுண்ணாம்புத் தகடுகளால் ஆன கூடு இருப்பதால் மெலிவது தெரியாது. மாதக்கணக்கில் உள்ளே கரைந்துகொண்டே இருக்கும். ஒருநாள் கையில் வெள்ளைப் புண் தோன்றும், அடுத்த சில நாள்களில் கை கழன்று விழும். “நேற்று வரை நன்றாகத்தான் இருந்தது” என்று எனக்கு எழுதுகிறவர்கள் எல்லோருமே உண்மையைத்தான் எழுதுகிறார்கள். நேற்று வரை நன்றாக இருந்ததுபோல்தான் தெரிந்திருக்கும்.

இப்போது ஒவ்வொன்றாக வருவோம்.

சாக்லேட் சிப் உண்மையிலேயே தாங்கக்கூடியது. இறால், மட்டி என்று கொடுத்ததைத் தின்னும். ஆனால் பவளம், கடற்பஞ்சு, கடற்சாமந்தி, சிப்பி எல்லாவற்றின் மேலும் ஏறி, வயிற்றை வாய் வழியே வெளியே தள்ளி, இருந்த இடத்திலேயே செரித்துவிடும். உங்கள் சோவாந்திட் கூட்டத்தின் மேல் ஓரிரவு உட்கார்ந்தால் போதும். மீன்கள் மட்டும் இருக்கும் தொட்டிக்கு அது ஏற்றது. பவளம் இருக்கும் தொட்டிக்கு ஆகவே ஆகாது.

நீல நட்சத்திரம், அதாவது லிங்கியா, பவளத்தைத் தொடாது என்பது சரி. அந்த நீலத்தைப் பார்த்தவுடன் கை பணப்பையைத் தேடும், அதுவும் புரிகிறது. அது பாறைமேல் படியும் நுண்ணுயிர்ப் படலத்தை நாளெல்லாம் மேய்ந்து வாழ்கிறது. வளர்ந்தால் 30 சென்டிமீட்டர் அகலம் வரும். இறால் துண்டைப் பக்கத்தில் வைத்தால் பெரும்பாலும் திரும்பியும் பார்க்காது. படலத்தைக் கடையில் விலைக்கு வாங்க முடியாது. பழைய பாறையில் தானாக வளர வேண்டும். 400 லிட்டருக்கு மேல், ஓராண்டு தாண்டிய, பாறை நிறைந்த தொட்டி உள்ளவர்களிடம்கூட நான் தயங்கித்தான் சரி என்பேன். உங்கள் நான்கடித் தொட்டி ஒன்றரை அடி அகலமும் உயரமும் உடையது என்று வைத்துக்கொண்டாலும், பாறையும் மணலும் போக 200 லிட்டர்தான் தேறும். வேண்டாம்.

மணல் சலிக்கும் நட்சத்திரம் என்று விற்பது அஸ்ட்ரோபெக்டன். அது மணலைச் சுத்தம் செய்கிறது என்பது விற்பனைக்காகச் சொல்லும் பேச்சு. மணலுக்குள் வாழும் சிறு புழுக்கள், குட்டி நத்தைகள், ஓட்டுயிரிகள் ஆகியவற்றைத்தான் அது தேடித் தின்கிறது. அந்த உயிர்கள்தான் உங்கள் மணலைச் சுத்தமாக வைத்திருப்பவை. அவற்றைத் தின்று தீர்த்தபின் மணலுக்குள் புதைந்தபடியே பட்டினியால் செத்துப்போகும். புதைந்திருப்பதால் உங்களுக்கு உடனே தெரியாது. தண்ணீரில் அம்மோனியா ஏறும்போதுதான் தெரியும்.

ஃப்ரோமியாவுக்கும் படலம்தான் முக்கிய உணவு. ஆனால் அது லிங்கியாவைவிடச் சிறிய உயிர், தேவையும் குறைவு. சில ஃப்ரோமியாக்கள் பொடியாக நறுக்கிய மட்டிச் சதையின்மேல் ஏறி உட்காரவும் பழகிக்கொள்கின்றன. செம்மேனியில் கரும்புள்ளி தெளித்த மில்லபொரெல்லா, ஓடு பதித்ததுபோல் சிவப்பும் வெண்மஞ்சளும் கலந்த மோனிலிஸ் இரண்டும் பவளத்தோடு வைக்க ஏற்றவை. உங்கள் தொட்டி இன்னும் இளசு. ஓராண்டு கடக்கட்டும், பாறையில் செம்பாசியும் கடற்பஞ்சும் தெரியட்டும். அதன்பின் ஒன்றே ஒன்று வாங்குங்கள். இரண்டு வாங்கினால் ஒன்றின் உணவை மற்றது தின்னும்.

ஐந்தாவது எது? பிரிட்டில் ஸ்டார், செர்பென்ட் ஸ்டார் என்று கடைகளில் சொல்லும் பாம்புக்கை நட்சத்திரங்கள். நட்சத்திர மீன் வகுப்பிலிருந்து விலங்கியல் இவற்றைத் தனி வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறது. நடுவே காசு போன்ற வட்டம், அதிலிருந்து நீளும் ஐந்து மெல்லிய கைகள். நட்சத்திர மீனைப்போல் அடிப்பக்கத்துச் சிறு குழாய்க்கால்களால் ஊராமல் கைகளையே வளைத்து வேகமாக நகரும். இவற்றைத்தான் நான் முதல் நட்சத்திரமாக எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். மீன்கள் சிந்தியது, பாறையிடுக்கில் அழுகியது, நீங்கள் போட்ட இறால் என எதையும் தின்னும். கறுப்பும் மங்கிய பழுப்புமாகப் பட்டை போட்ட வழவழப்பான ஒஃபியோலெபிஸ் சூப்பர்பா கிடைத்தால் விடாதீர்கள். முள் அடர்ந்த கறுப்பு ஒஃபியோகோமாவும் நல்லது. பகலில் பாறைக்கடியில் ஒளிந்திருக்கும். என் தொட்டியில் இருக்கும் கறுப்பனுக்கு இறால் வாசனை போதும். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே மூன்று கைகளை வெளியே நீட்டிவிடும். பசியை இப்படி வெளிப்படையாகச் சொல்லும் உயிரைக் காப்பாற்றுவது எளிது. வாரம் இருமுறை, சுண்டுவிரல் நகமளவு இறாலோ மட்டியோ கையருகே வையுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பச்சை நிறப் பாம்புக்கையை வாங்காதீர்கள். ஒஃபியாரக்னா என்னும் அது இரவில் கைகளை ஊன்றி உடலைக் கூடாரம்போல் உயர்த்தி நிற்கும். மறைவிடம் என்று நம்பி உள்ளே நுழையும் மீனைக் கைகளால் வளைத்துப் பிடித்துக்கொள்ளும். உங்கள் கோபி ஒருநாள் காணாமல் போகும்.

கொளத்தூரில் வாங்கும்போது நல்ல நட்சத்திரமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டுக்குக் கொண்டுவந்தபின் தொட்டியில் எப்படி விட வேண்டும்? முன்பு ஒன்று வாங்கி இரண்டே நாளில் இறந்துவிட்டது.
– திரு.வி.க. நகரிலிருந்து ஒரு வாசகி

அம்மா, இரண்டு நாளில் இறந்ததென்றால் பட்டினி காரணமாக இருக்க முடியாது. உப்பளவு சட்டென்று மாறியதுதான் பெரும்பாலும் காரணம். நட்சத்திர மீனின் உடலுக்குள் ஓடுவதும் ஏறக்குறைய கடல்நீர்தான். மீனைப்போல் உடலின் உப்பைச் சரிப்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு அதற்கு இல்லை. வெளியே உப்பு மாறினால் உள்ளேயும் மாறிவிடும், செல்கள் வீங்கும் அல்லது சுருங்கும். கடைத் தொட்டிகளில் உப்புச் செலவைக் குறைக்க அடர்த்தியை 1.020 அளவில் வைத்திருப்பது உண்டு. நம் தொட்டியில் 1.025. பையை அரை மணி நேரம் மிதக்க விட்டுக் கவிழ்த்தால் வெப்பம் சரியாகும், உப்பு சரியாகாது.

ஆகவே பையிலுள்ள தண்ணீரோடு நட்சத்திரத்தை ஒரு வாளியில் விடுங்கள். தொட்டியிலிருந்து காற்றுக்குழாய் ஒன்றை இறக்கி, அதில் ஒரு முடிச்சுப் போட்டு, வினாடிக்கு இரண்டு மூன்று சொட்டு விழுமாறு செய்யுங்கள். மூன்று மணி நேரமாவது சொட்ட வேண்டும். வாளியும் தொட்டியும் ஒரே உப்பளவு காட்டும்வரை அவசரப்பட வேண்டாம். அளப்பதற்கு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். நட்சத்திரத்துக்குக் கொடுக்கும் விலையைவிட அதற்குக் கொடுக்கும் விலை பயனுள்ளது. ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ள திட்டக் கரைசலைக் கொண்டு அதைச் சரிபார்த்தும் கொள்ளுங்கள்; வெறும் தண்ணீரில் சரிபார்த்தால் மட்டும் போதாது. அறையில் குளிரூட்டி ஓடினால் வாளி சில்லிட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை: கைநுனியில் வெள்ளையோ சதை கரைந்த தடமோ இருந்தால் விட்டுவிடுங்கள். கைகள் தொய்ந்து காற்றுப்போனதுபோல் இருந்தாலும் வேண்டாம். கடைக்காரரை மென்மையாகப் புரட்டிப் போடச் சொல்லுங்கள். நலமாக இருந்தால் ஒரு கையை மடக்கி ஊன்றி, சில நிமிடங்களில் தானாகவே திரும்பிக்கொள்ளும். நீலமாக இருந்தால் கைகளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தைகா என்னும் சிறு நத்தை ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். அதுவும் நீலமாகவே இருப்பதால் கண்ணை ஏமாற்றும். கண்ணாடியில் ஒட்டியிருப்பதைப் பிய்த்து எடுக்க விடாதீர்கள். குழாய்க்கால்கள் அறுந்து ஒட்டிய இடத்திலேயே நின்றுவிடும். விளிம்பை விரலால் மெல்ல நெம்பி, தண்ணீருக்குள்ளேயே பைக்குள் ஏற்றச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள்: அந்தத் தொட்டியில் வெண்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து போட்டிருக்கிறார்களா? மீனைக் காப்பாற்றும் அந்த மருந்து நட்சத்திரத்தைக் கொன்றுவிடும். உங்கள் தொட்டியிலும் அதை ஒருபோதும் ஊற்றாதீர்கள். பாறை உறிஞ்சிவைத்துப் பின்னால் கசியவிடும்.

எங்கள் வீடு காசிமேட்டில். வலையில் நட்சத்திர மீன்கள் சிக்கி வருகின்றன, கரையில் வீசி எறிகிறார்கள். அவற்றை எடுத்து வளர்க்கலாமா? கடலே பக்கத்தில் இருக்கும்போது உப்பு வாங்கித் தண்ணீர் கலக்க வேண்டுமா?
– கல்லூரி மாணவர், காசிமேடு

தம்பி, வீணாகச் சாகும் உயிரைக் கண்டு உனக்கு மனம் பொறுக்கவில்லை, அது நல்ல மனம். ஆனால் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோகாதே. உயிரோடிருப்பதைக் கண்டால் திரும்பக் கடலில் விடு. துறைமுகத்துக்குள் விடாமல் படகில் போகிறவர்களிடம் கொடுத்து வெளியே விடச் சொல்.

நம் கரையோரக் கடலின் தரை மணலும் சேறும். இழுவலையில் ஏறி வருபவை அஸ்ட்ரோபெக்டன், லுயிடியா போன்ற மணல்வாழ் இனங்கள். சிப்பி, நத்தை, மற்ற முட்தோலிகள் (நட்சத்திர மீன், கடல் அட்டை போன்றவை சேர்ந்த தொகுதி) என உயிருள்ளவற்றைத் தின்பவை. லுயிடியா பயந்தால் கைகளைத் தானே உடைத்துக்கொள்ளும். வலையின் எடையில் நசுங்கி, வெயிலில் கிடந்து, காயத்தோடு வருகிற ஒன்றைச் சிறு தொட்டியில் தேற்றிவிட முடியாது.

தண்ணீர் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். எண்ணூரிலிருந்து துறைமுகம் வரை கரைத் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்காதே. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை நம் பிள்ளைகள் வாளி வாளியாக அள்ளியதை நீ பார்த்திருப்பாய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி அலையாத்திச் செடிகளின் தண்டுகளில் கறுப்பாகப் படிந்தது. இவை பெரிய செய்திகளானவை. படகு டீசலும் சாக்கடையும் அன்றாடம் கலப்பது செய்தியாவதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்று வெள்ளம் சேர்ந்து கரையோர உப்பளவும் வெகுவாக இறங்கிவிடும். ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்புக் கலவையைக் கரைப்பதே பாதுகாப்பு. குடிநீருக்காகச் சுவை கூட்டி, தாது சேர்த்து வெளிவரும் வீட்டு ஆர்.ஓ. நீரை அப்படியே நம்பாதே, நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். கருவியில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால்தான் சரி. சமையல் உப்பும் கல்லுப்பும் இதற்கு உதவா. கடல்நீரில் சோடியம் குளோரைடு மட்டுமா இருக்கிறது? மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் சரியான விகிதத்தில் வேண்டும். நட்சத்திரத்தின் கூடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது.

ராமேஸ்வரம் போனபோது சிவப்புக் கொம்புகள் உள்ள பெரிய நட்சத்திரம் உயிரோடு தருகிறேன் என்றார் ஒருவர், கூடவே பவளப் பாறையும் தருவாராம். வாங்கலாமா?
– வியாசர்பாடி வாசகர்

பவளப் பாறையைத் தொடவே தொடாதீர்கள். 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் பவளங்கள் உள்ளன. கடல் அட்டையும் கடல் குதிரையும் அதே சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. எடுப்பது, விற்பது, வாங்கி வைத்திருப்பது எல்லாமே குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை ஒட்டிய பகுதி 1986 முதல் தேசியப் பூங்கா. தொட்டிக்குச் சுட்ட மண்ணாலோ சிமெண்டாலோ செய்த செயற்கைப் பாறை போதும். ஓராண்டில் அதிலும் எல்லாம் படரும்.

அந்தச் சிவப்புக் கொம்பன் ப்ரோட்டோரியஸ்டர் லிங்கி. சாக்லேட் சிப்பின் உறவு, 30 சென்டிமீட்டர் வரை வளரும், பவளத்தையும் சிப்பியையும் தின்னும். உங்கள் தொட்டிக்கு எந்த விதத்திலும் பொருந்தாது.

கண்ணாடியில் வெள்ளையாகப் பொடிப்பொடி நட்சத்திரங்கள் முளைத்திருக்கின்றன. நான் வாங்கவே இல்லை. ஒன்றுக்கு நான்கு கை, ஒன்றுக்கு ஏழு கை. ஹார்லிகுவின் இறால் விட்டால் தின்றுவிடும் என்கிறார்களே?
– ராயபுரம் வாசகி

பாறையோடு ஒட்டி வந்த ஆஸ்டெரினா வகை. உடலை இரண்டாகப் பிளந்து பெருகுவதால்தான் கைகளின் எண்ணிக்கை ஒழுங்கில்லை. பெரும்பாலானவை பாசிப் படலத்தையே மேய்கின்றன. சோவாந்திட்டின் மேல் திரும்பத் திரும்ப உட்கார்ந்து அது சுருங்கியே கிடந்தால், அவற்றை மட்டும் இடுக்கியால் எடுத்துவிடுங்கள். கூட்டம் பெருகினால் மீனுக்கு உணவு கூடுதலாகப் போடுகிறீர்கள் என்று பொருள். முதலில் அதைக் குறையுங்கள்.

ஹார்லிகுவின் இறால் நட்சத்திரங்களைத் தவிர வேறெதையும் தின்னாது. ஆஸ்டெரினா தீர்ந்ததும் அதற்குத் தீனியாக வேறு நட்சத்திரம் வாங்கிப் போட வேண்டும், இல்லாவிட்டால் அது செத்துவிடும். நீங்கள் ஆசையாக வைத்திருக்கும் ஃப்ரோமியாவையும் அது விடாது. ஒரு தொல்லையைத் தீர்க்க ஒரு பட்டினியை வீட்டுக்குள் அழைக்காதீர்கள்.

அதே கண்ணாடியில் மயிரிழைக் கைகளை இடுக்கிலிருந்து ஆட்டிக்கொண்டிருக்கும் குட்டிப் பாம்புக்கைகள் தெரிந்தால் மகிழுங்கள். அவை வளர்ந்து பெரிதாகாத இனம், இலவசத் துப்புரவாளர்கள்.

மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரிக்குப் போகிறது. மின்வெட்டும் உண்டு. நட்சத்திரம் பிழைக்குமா?
– திருவொற்றியூர் வாசகர்

32 டிகிரி நாள்கணக்கில் நின்றால் பிழைக்காது. 25 முதல் 27 வரை வையுங்கள். நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். கடற்கரை ஈரக்காற்றில் அதுகூடச் சில நாள் கிடைக்காது. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கும். அதனால் தினமும் காலையில் ஆர்.ஓ. தண்ணீரை மெல்லச் சேர்த்து மட்டத்தைப் பழைய கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். உப்புநீர் சேர்க்கக் கூடாது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வசதி இல்லையென்றால், மே, ஜூனில் புது உயிர் எதையும் வாங்காதீர்கள். டிசம்பரில் வாங்குங்கள்.

மின்வெட்டுக்கு மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று வையுங்கள். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு, நீரோட்டமும் நின்றால் பாம்புக்கைகள் பாறையை விட்டு மேலேறி வந்து நிற்கும். அப்படிக் கண்டால் உடனே காற்று விடுங்கள்.

பாம்புக்கை நட்சத்திரத்தின் ஒரு கை பாதி உடைந்துவிட்டது. மருந்து என்ன? பிறகு, மகளுடைய இரண்டடி நன்னீர்த் தொட்டியில் விடுகிற மாதிரி ஏதாவது நட்சத்திர மீன் உண்டா? ஆசைப்படுகிறாள்.
– கொடுங்கையூர் வாசகர்

மருந்து வேண்டாம். பாம்புக்கைகள் கையை இழப்பதும் முளைக்கவிடுவதும் இயல்பு. வெட்டுப்பட்ட இடம் சில நாளில் மூடிக்கொள்ளும், மாதங்களில் மெல்லிய புதுக் கை நீளும். இரை மட்டும் ஒழுங்காகக் கொடுங்கள். நண்டு எதுவும் கடிக்கிறதா என்று இரவில் சிவப்பு விளக்கில் பாருங்கள். ஃப்ரோமியாவுக்கு இப்படி நடந்து, விளிம்பு வெள்ளையாகிக் கரைந்துகொண்டே போனால் அது வேறு விஷயம். உப்பு, அம்மோனியா, நைட்ரேட் மூன்றையும் அன்றே அளந்து எனக்கு எழுதுங்கள்.

நன்னீரில் வாழும் நட்சத்திர மீன் உலகில் எங்குமே இல்லை. முட்தோலிகள் அத்தனையும் கடல்வாசிகள். இரண்டடித் தொட்டியைக் கடல்நீராக மாற்றினாலும், 50 லிட்டர் அளவில் உப்பும் வெப்பமும் வேகமாக ஏறி இறங்கும், நட்சத்திரத்துக்கு அது ஆகாது. மகளிடம் இதை அப்படியே சொல்லுங்கள். குழந்தைகளுக்குக் காரணம் சொன்னால் புரியும். அந்தத் தொட்டியில் நன்னீர் நத்தைகளும் சிறு செர்ரி இறால்களும் விடுங்கள். மீன்கள் பெரியவையாக இருந்தால் இறாலைத் தின்றுவிடும், ஆகவே என்னென்ன மீன் வைத்திருக்கிறாள் என்று கேட்டு எழுதுங்கள். அடுத்த இதழில் பதில் தருகிறேன்.